நூத்திருபத்தேழு பல் சக்கரம்

இப்போ வர்ற கம்ப்யூட்டர் லேத்துல இஞ்சு, மில்லிமீட்டர்னு ரெண்டு பட்டன் இருக்குது. எது வேணுமோ அத அமுக்கிட்டா போதும், மிஷினே மரை வெட்டிக் குடுத்துடும். அதுல வேலை பார்க்குற மகேஸ்வரி பாலிடெக்னிக் படிச்ச பொண்ணு. நான் வேலைய விடுறதுக்கு முன்னாடி கடைசி மூணு வருசம் என் கூட இருந்துச்சு. பட்டறை சுவத்துல ஆணியடிச்சு மாட்டியிருக்குற பழைய இரும்பு சக்கரத்த ஒரு நாள் அது எண்ணிப் பார்த்துட்டு வந்துச்சு.

"சார், நூத்திருபத்தேழு பல்லு இருக்குது. இது பகா எண். இந்த நம்பர்ல போயி யாராச்சும் சக்கரம் செய்வாங்களா? நீங்க இத பத்தி எழுதிக் குடுங்க சார், நம்ம பட்டறைக்காரங்க சங்கத்து ஆண்டு மலர்ல போடலாம். ரெண்டு பக்கம் போதும்."

சரின்னேன். ரெண்டு பக்கத்துல முடியுற சமாச்சாரம் இல்ல இது. மலர்ல போடுற மாதிரியும் இருக்காது. போட்டா போடட்டும், போடாட்டி போகட்டும்.

நான் கள்ளக்குறிச்சியில ஒரே பட்டறையில முப்பத்தெட்டு வருசம் லேத்துல, இரும்பக் கடையுற மிஷின்ல, நின்னவன். முருகேசன்னு பேரு, டர்னர்னு சொன்னாதான் தெரியும். தொழில் கத்துக்கினது பத்தி பெருசா சொல்ல ஒன்னும் இல்ல. ரெண்டு வருசம் இரும்புப் பிசிறு அள்ளினேன், மூணாவது வருசம் டூல் தீட்டினேன், நாலாவது வருசம் மிஷினத் தொட விட்டாங்க. அதுக்கப்புறம் என் கையால வெட்டுன மரை எத்தினி ஆயிரம்னு எனக்கே தெரியாது. ஒரே ஒரு மரை மட்டும் நல்லா ஞாபகம் இருக்குது.

முதல்ல இந்த நம்பர் விசயத்த சொல்லிடறேன், இல்லாட்டி மத்தது புரியாது.

நட்டு போல்ட்டுல சுத்திச் சுத்தி ஏறுற பள்ளத்ததான் மரைன்னு சொல்றோம். லேத்துல அத வெட்டணும்னா ரெண்டு பல்சக்கரம் மாட்டணும். வேலை, அதான் கடையுற இரும்பு, சுத்துற பக்கம் ஒன்னு, டூலை நகத்துற நீள ஸ்க்ரூ பக்கம் ஒன்னு. ரெண்டுத்துக்கும் உள்ள பல்லுக் கணக்க வெச்சுதான் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் எவ்வளவு தூரம்னு முடிவாகும். எங்க லேத்து பழைய இஞ்சு லேத்து. வர்ற வேலைல பாதி மில்லிமீட்டர். இஞ்சுக்கும் மில்லிமீட்டருக்கும் நடுவுல ஒரு நம்பர் குந்திக்கினு இருக்குது. அஞ்சு இஞ்சுன்னா நூத்திருபத்தேழு மில்லிமீட்டர். சரியா நூத்திருபத்தேழு, பிசிறு இல்லாம. அதனால இஞ்சு லேத்துல மில்லிமீட்டர் மரை வெட்டணும்னா நூத்திருபத்தேழு பல்லு உள்ள சக்கரம் எங்கியாச்சும் ஒரு எடத்துல மாட்டியே ஆகணும்.

மத்த சக்கரம் இல்லன்னா சமாளிக்கலாம். நூத்திருபது இல்லையா, அறுபதப் போட்டு நடுவுல இன்னொரு ஜோடி மாட்டி ரெட்டிப்பாக்கிடலாம். தொண்ணூறு இல்லன்னா முப்பதும் மூணு மடங்கும். எல்லா நம்பரையும் சின்ன நம்பரா உடைச்சு அத வெச்சு திரும்பக் கட்டிடலாம். நூத்திருபத்தேழ மட்டும் உடைக்க முடியாது. நான் காகிதத்துல போட்டுப் பார்த்திருக்கேன். ரெண்டுல போகாது, மூணுல போகாது, அஞ்சு, ஏழு, பதினொன்னு, எதுலயும் போகாது. அதுக்கு மேல பார்க்கவே வேணாம். பதிமூணு பதிமூணு நூத்தி அறுபத்தொம்போது, அது தாண்டிப் போயிடுது. வேற சக்கரங்கள எப்படி அடுக்கினாலும் கிட்ட வரலாம், சரியா வராது. அந்த சக்கரமே இருந்தாதான் உண்டு.

அத செய்யறதும் லேசு இல்ல. வட்டத்த பங்கு போடுற தட்டுல அந்தக் கணக்குக்கு ஓட்டை வரிசையே கிடையாது. எங்க சக்கரத்துல ஒரு தடவ ரெண்டு பல்லு ஒடைஞ்சு போயி, கோயம்புத்தூருக்கு அனுப்பி வேற செஞ்சு வர மூணு மாசம் ஆச்சு.

அதனாலதான் ஃபோர்மேன் தேவராஜ் அத மரப்பொட்டிக்குள்ள சாக்குல சுத்தி பூட்டி வெச்சிருந்தாரு. சாவி அவரு இடுப்புல. யாராச்சும் கேட்டா உடனே குடுக்க மாட்டாரு. "இன்னா வேலை? எத்தினி மில்லி?"ன்னு கேட்டு, பதில் சொன்னா அதையே திரும்ப ஒரு தடவ கேப்பாரு. ரெண்டாவது தடவையும் அதே பதில் வந்தாதான் பூட்டத் திறப்பாரு. திட்டி நான் கேட்டதில்ல. கைய பின்னால கட்டிக்கினு இடது பக்கமா வந்து நிப்பாரு. மரை வெட்டுறதுக்கு முன்னாடி டூல் லேசா பட்டும் படாம ஒரே ஒரு கோடு இழுக்கணும், அது இரும்பு மேல சுத்திச் சுத்தி வரிசையா விழும், லேத்த நிறுத்தணும், ஸ்கேல வெச்சு பத்து கோட்ட அளக்கணும். ஒன்னரை மில்லி மரைன்னா பத்து கோட்டுக்கு பதினஞ்சு மில்லி. அத அவரு கண்ணால பார்த்தப்புறம்தான் அடுத்த வெட்டு. நான் சொல்லப் போற அந்த நாள் வரைக்கும் அவரு ஒரு நாளும் இத விட்டதில்ல. எங்களுக்கு அது எரிச்சலா இருக்கும். தெரிஞ்ச வேலைக்கு எதுக்குய்யா தெனம் பரிட்சைன்னு முதுகுக்குப் பின்னால பேசுவோம். நான்தான் ஜாஸ்தி பேசினவன்.

இனிமே அந்த நாளச் சொல்றேன். கள்ளக்குறிச்சி அப்போ தென்னாற்காடு ஜில்லாவுல இருந்துச்சு.

சடையன்னு கல்வராயன் மலைக்காரன். கரியாலூருக்கு உள்ள தள்ளி அவன் ஊரு. சொந்தமா ஒரு பழைய ஜீப்பு வெச்சு வெள்ளிமலைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் ஓட்டிக்கினு இருந்தான். பஸ்ஸு காலையில ஒன்னு சாயங்காலம் ஒன்னு, மத்த நேரத்துக்கு இவன் வண்டிதான். பின் சக்கரத்து ஆக்சில் முனையில மரை தேஞ்சு நட்டு நிக்கலன்னு கழட்டித் தூக்கிக்கினு வந்தான். வெல்டிங் வெச்சு ஏத்தி, புதுசா மரை வெட்டணும். அவன் வாங்கியாந்த நட்டு புது மாடல், ஒன்னரை மில்லி மரை.

வெல்டிங் வெச்சு கடைஞ்சு முடிக்க ரெண்டு நாளாச்சு. மரை வெட்டுற அன்னிக்கிப் பார்த்து ஃபோர்மேன் தியாகதுருகத்துக்கு ஒரு சாவுக்குப் போயிட்டாரு. சாவி அவரோட போயிடுச்சு. மறுநாள் காலையில வந்துடுவாரு.

"நாளைக்கு வாப்பா"ன்னு சடையன் கிட்ட சொன்னேன்.

"அண்ணே, நாளைக்கு சந்தைங்க"ன்னான். "சாமையும் புளியும் கட்டி வெச்சிக்கினு ஊரே வண்டிக்கு நிக்குதுங்க. மூணு நாளா தலைச்சுமையா எறங்கிக்கினு இருக்குதுங்க. என் பொண்டாட்டியும் மூட்டையோட குந்திக்கினு இருக்கா. இன்னிக்கி முடிச்சுக் குடுத்துடுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

அவன் கெஞ்சினதுக்காக செஞ்சேன்னு சொல்லிக்கலாம். அது பாதிதான் நெசம். ஃபோர்மேன் இல்லாமயும் நான் வேலைய முடிச்சுக் காட்டுவேன்னு எனக்குள்ள ஒரு கொழுப்பு இருந்துச்சு. அதுதான் மீதி.

முப்பதுக்கு நூத்திருபத்தேழு மாட்ட வேண்டிய எடத்துல முப்பதுக்கு நூத்திருபத்தஞ்சு மாட்டினேன். ரெண்டே பல்லு. கோடு இழுத்து அளந்தேன். பத்து கோட்டுக்கு பதினஞ்சத் தாண்டி கால் மில்லி ஜாஸ்தி. கண்ணுக்குத் தெரிஞ்சுது. தெரியலன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். கால் மில்லிதானேன்னு வெட்டினேன். நட்டு அஞ்சு சுத்து ஏறிச்சு, அதுக்கு மேல பிடிச்சுக்கிச்சு. ஏறாத நட்ட ஏத்துறதுக்கு எல்லா டர்னருக்கும் ஒரு குறுக்கு வழி தெரியும். மரைய கொஞ்சம் தளத்தி விடணும். இன்னும் ரெண்டு வெட்டு லேசா எடுத்தேன். நட்டு கடைசி வரைக்கும் ஏறிடுச்சு.

அங்கதான் தப்பு. நட்டுக்குள்ள இருக்குற பதிமூணு மரையும் சேர்ந்து தாங்க வேண்டிய சுமைய ஓரத்துல இருக்குற ஒன்னு ரெண்டு மரைதான் தாங்கும். மத்ததெல்லாம் சும்மா தொட்டுக்கினு இருக்கும். வெளிய இருந்து பார்த்தா ஒன்னும் தெரியாது. சடையன் நட்டத் திருகிப் பார்த்துட்டு என் கையப் பிடிச்சு கண்ணுல ஒத்திக்கினான்.

மறுநாள் சந்தைக்கு எறங்குறப்போ மலை ரோட்டு வளைவுல பின் சக்கரம் கழண்டு ஜீப்பு உருண்டுச்சு. சடையனோட பொண்டாட்டி குப்பம்மா அங்கியே போயிட்டா. இன்னும் ரெண்டு பேரு ஆஸ்பத்திரி போற வழியில. பதினொரு வயசுப் பொண்ணு செல்வி, அவன் மக, இடுப்பு ஒடிஞ்சு பொழைச்சுது. சடையனுக்கு நெத்தியில நாலு தையல், அவ்வளவுதான்.

லேட்டாயிடுச்சுன்னு அவன் வேகமா எறங்கினது உண்மைதான். மெல்லப் போன்னு வண்டியில இருந்தவங்க சத்தம் போட்டிருக்காங்க, அந்தப் பொண்ணும் சொல்லியிருக்குது. எல்லாரும் அதையே சாட்சி சொன்னாங்க. டிரைவரோட அஜாக்கிரதைன்னு எழுதிட்டாங்க. உருண்டு நசுங்கின வண்டியில ஒரு நட்ட யாரு பார்க்கப் போறாங்க.

ஃபோர்மேன் பார்த்தாரு. கச்சிராயபாளையத்துல போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல வண்டி கெடந்துச்சு, அவரு டவுன் பஸ் பிடிச்சு தனியா போயி பார்த்துட்டு வந்தாரு. வந்ததும் பொட்டியத் திறந்து சாக்க விரிச்சு சக்கரத்தப் பார்த்தாரு. அப்புறம் என் இடது பக்கமா வந்து நின்னாரு.

"எந்த சக்கரம் மாட்டின முருகேசா?"

"நூத்திருபத்தஞ்சுங்க."

"எந்த சக்கரம்?"

"நூத்திருபத்தஞ்சு."

அப்புறம், "ஓரத்து மரை ரெண்டும் உரிஞ்சு வந்திருக்குது. மத்தது புதுசா அப்பிடியே மினுக்குது"ன்னாரு. "ஸ்டேஷனுக்குப் போயி சொல்லு. நானும் கூட வரேன்."

நாளைக்குப் போலாங்கன்னேன். மறுநாளும் கேட்டாரு, நாளைக்குன்னேன். மூணாவது நாளும் கேட்டாரு. எனக்கு அப்போ ரெண்டு புள்ளைங்க, வயித்துல ஒன்னு. ஜெயிலுக்குப் போயிட்டா இதுங்க கதி இன்னான்னு சொல்லி அழுதேன். நாலாவது நாள் அவரு கேக்கல. பொட்டி சாவிய கொண்டாந்து என் லேத்து மேல வெச்சாரு. "இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்"ன்னாரு. அதுக்கப்புறம் பட்டறைக்கு வர்ற மில்லிமீட்டர் மரை அத்தனையும் எனக்கே குடுத்தாரு. பக்கத்துல வந்து நிக்கறத விட்டுட்டாரு. நான் கோடு இழுத்து அளந்துட்டு தானா திரும்பி இடது பக்கம் பார்ப்பேன், அங்க யாரும் இருக்க மாட்டாங்க.

அவரும் போயி சொல்லல. செஞ்சவன்தான் சொல்லணும்னு நெனச்சிருப்பாரு. அவரு சொல்லியிருந்தா நான் அவர வெறுத்திருப்பேன், ஆனா சடையன் தப்பிச்சிருப்பான். அதுல எனக்கு அவரு மேல இன்னிக்கும் ஒரு கோவம் உண்டு. எந்த மூஞ்சிய வெச்சுக்கினு கோவப்படறேன்னு நீங்க கேக்கலாம்.

சடையனுக்கு கோர்ட்டுல தண்டனை ஆச்சு, லைசென்ஸும் போச்சு. வெளிய வந்த அப்புறம் ஒரு நாள் மத்தியானம் பட்டறைக்கு வந்தான். ஆளு பாதியா இளைச்சிருந்தான். வாசல்லயே நின்னுக்கினு இருந்தான், உள்ள வான்னாலும் வரல. நான் லேத்த நிறுத்திட்டு வெளிய போனேன்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும்னு வந்தேன்"ன்னான். "ஜெயில்ல குந்திக்கினு இத்தயேதான் யோசிச்சிக்கினு இருந்தேன். நான் வேகமா வந்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா அத விட வேகமா எத்தினியோ வாட்டி எறங்கியிருக்கேன். வண்டியில ஏதாச்சும் கோளாறு இருந்திருக்குமாண்ணே? நீங்க பார்த்த வண்டி. நீங்க சொன்னா நான் நம்புவேன்."

ஃபோர்மேன் உள்ள வெர்னியர் அளவுகோல வெச்சு எதையோ அளந்துக்கினு இருந்தாரு. அவரு கை நின்னுடுச்சு.

"இல்லப்பா. வண்டி நல்லாதான் இருந்துச்சு"ன்னேன்.

அவன் தலைய ஆட்டினான். "சரிங்க. அப்போ நான்தான்"ன்னான். பஸ் ஸ்டாண்டு பக்கமா நடந்து போயிட்டான். திரும்பி உள்ள வந்தப்போ ஃபோர்மேன் என்னப் பார்க்கல.

ரெண்டு பல்லு மாத்தி மாட்டினது தப்பு. தப்பு எவன்தான் செய்யல. ஆனா அன்னிக்கி வாசல்ல நின்னு சொன்னது தப்பு இல்ல, பாவம். ஒரு ஆளு தன் பொண்டாட்டிய தானே கொன்னுட்டோமான்னு எங்கிட்ட வந்து கேட்டான். ஆமான்னு சொல்லி அனுப்பினேன்.

அதுக்கப்புறம் அவன் வரல. மலையில சாமை விதைச்சுக்கினு இருக்கான், ஸ்டீயரிங்க தொடவே மாட்டேங்கறான்னு ஜீப்புக்காரங்க சொல்லுவாங்க. ஃபோர்மேன் வயசாகி செத்துப் போனாரு. புது லேத்து வந்துச்சு, சக்கரத்த யாரோ அழகுக்கு சுவத்துல மாட்டிட்டாங்க. என் புள்ளைங்க படிச்சு வேலைக்குப் போனாங்க. எந்தப் புள்ளைங்களக் காட்டி வாய மூடிக்கினு இருந்தேனோ அதுங்களுக்கு ஒரு குறையும் வரல.

மகேஸ்வரி எழுதச் சொன்ன அன்னிக்கி இன்னொன்னும் சொல்லிச்சு. "சார், நூத்திருபத்தேழு ரெண்ட வரிசையா வெச்சு ஒன்னோட ஒன்னு பெருக்கி அதுல ஒன்னு கழிச்சா வர்றதும் பகா எண்தான். முப்பத்தொம்போது இலக்கம். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் கையாலயே கணக்குப் போட்டு நிரூபிச்சாராம். அதுக்கு அவருக்கு வருசக் கணக்கா ஆச்சாம்." யாருக்கும் பைசா பிரயோசனம் இல்லாத ஒரு நம்பர்ல தப்பு வந்துடக் கூடாதுன்னு ஒரு ஆளு வருசக் கணக்கா பொறுமையா இருந்திருக்கான். எனக்கு ஒரு நாள் பொறுக்க முடியல. அன்னிக்கி வூட்டுக்கு வந்து எழுத உக்காந்தா முதல் வரிக்கு மேல போகல. சொல்ல வேண்டியவன் உசுரோட இருக்கறப்போ மலர்ல எழுதி இன்னா ஆகப் போவுதுன்னு தோணுச்சு.

மறுநாள் காலையில வெள்ளிமலை பஸ் ஏறினேன். அந்த வளைவுல கண்ண மூடிக்கினேன். கரியாலூர்ல எறங்கி விசாரிச்சு நடந்தேன். படகுத் துறைக்குப் போற டூரிஸ்டு கார்ங்க தூசியக் கெளப்பிக்கினு போச்சு. போற வழியெல்லாம் சடையன் கிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சேன். கால்ல விழுந்துடணும்னு முடிவு பண்ணினேன். அடிச்சா வாங்கிக்கணும்னு இருந்தேன்.

ஊருல ஒரு வூட்டு வாசல்ல ஒரு அம்மா சாமை புடைச்சுக்கினு இருந்துச்சு. ஒரு பக்கமா சாஞ்சு குந்தியிருந்துச்சு. "சடையன் வூடு எதும்மா?"ன்னேன்.

முறத்த கீழ வெச்சுது. எதிர்ல பூட்டியிருந்த வூட்டக் கண்ணால காட்டிச்சு. "நாலு மாசம் ஆவுதுங்க செத்து. நீங்க யாரு?"

இடுப்பு சாஞ்சிருந்தத வெச்சு அதுதான் செல்வின்னு அப்போ தெரிஞ்சுது. நான் திரும்பி வந்திருக்கலாம். ஆனா இருபத்தாறு வருசமா நெஞ்சுல கெடந்தது, வாய்க்கு வந்துடுச்சு. நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன். சக்கரத்த சொன்னேன், கால் மில்லிய சொன்னேன், நட்டு ஏறாம தளத்தி விட்டத சொன்னேன். அவன் பட்டறைக்கு வந்து கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். "உங்கப்பன் மேல தப்பு இல்லம்மா. மரை சரியா இருந்திருந்தா, வேகமா வந்ததுக்கு சக்கரம் கழண்டிருக்காது. நான் வெட்டின மரைதான்"ன்னேன். சொல்ல சொல்ல எனக்கு பாரம் கொறைஞ்சுது. அதையும் மறைக்காம சொல்றேன், கொறைஞ்சுதான் போச்சு.

செல்வி அழல. எதிர் வூட்டப் பார்த்துக்கினே இருந்துச்சு.

"நான் அந்தாளோட பேச மாட்டேங்க"ன்னுச்சு. "மெல்லப் போப்பான்னு நான்தான் கத்தினேன், கேக்கல. எங்கம்மாவ சாவடிச்சவன்னு நெனச்சு ஒரு வார்த்தை பேசினதில்ல. தெனம் காலைல அந்த வாசல்ல குந்திக்கினு என்னியே பார்த்துக்கினு இருக்கும். நான் இந்தப் பக்கம் திரும்பிக்குவேன். சாவுக்கும் போகலைங்க. கதவ சாத்திக்கினு உள்ள குந்திக்கினு இருந்தேன்."

கைய எடுத்துக் கும்பிட்டேன்.

அது என்ன நிமிந்து பார்த்துச்சு.

"அந்தாளு கிட்ட சொல்ல உங்களுக்கு இருபத்தாறு வருசம் இருந்துச்சு. எங்கிட்ட வந்து சொல்றதுக்கு இன்னாங்க அவசரம்?"